பத்துக்கு ஏழு

மயிலாப்பூர்
பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

அன்புள்ள விசாலி,

"போன் பண்ணாதேங்கோ. போன்ல உடனே உங்களுக்குக் கிளாஸ் குரல் வந்துடறது. ஏதாவது சொல்லணும்னா எழுதுங்கோ. எழுதறச்சே தலையாட்ட முடியாது" என்று லிஃப்டுக்குள் நின்றுகொண்டு சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் லிஃப்ட் இறங்கிவிட்டது. அதனால் எழுதுகிறேன். பேனா பிடித்து ஒரு முழுப் பக்கம் எழுதிப் பல வருஷம் ஆகிறது. கை வலிக்கிறது.

உணர்ச்சியை ஓரமாக வைத்துவிட்டு நடந்ததை மட்டும் பாருங்கள் என்று தன்னம்பிக்கை வகுப்பில் எல்லோருக்கும் சொல்கிறவன் நான். நானும் அப்படியே பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் பால்கனியில் உட்கார்ந்து காபி குடித்தோம். வழக்கம்போல, "இந்த வாரம் நம்மாத்துக்குப் பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்டேன். நான் எட்டு என்றேன், நீ ஏழு என்றாய். போனில் பதிந்தேன். இத்தனை வருஷமாகப் பதிந்த மார்க்கெல்லாம் சேர்ந்து ஒரு கோடாக வருமே, அதை உன் பக்கம் திருப்பிக் காட்டினேன். ஆரம்பத்தில் கொஞ்சம் ஏறி இறங்கியதைத் தவிர, உன் கோடு ஏழிலேயே ஆடாமல் அசையாமல் போகிறது. "எவ்வளவு நிதானமா இருக்கு பாரு. மார்ச் மாசத் தம்பதி வகுப்புப் போஸ்டர்ல இதையே போடப்போறேன். நீயும் மேடையில என் பக்கத்துல உட்காரணும்" என்றேன். நீ டம்ளரைக் கீழே வைத்தாய். உள்ளே போனாய். பெட்டியோடு வெளியே வந்தாய். இவ்வளவுதான் நடந்தது.

நான் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. ஏழு மார்க் போட்ட வாரத்தில் யாராவது வீட்டை விட்டுப் போவார்களா? மூன்று, நான்கு என்று சொல்லியிருந்தாலாவது எனக்குப் புரிந்திருக்கும்.

அமெரிக்கா போயிருக்கும் உன் சித்தியின் பெசன்ட் நகர் ஃப்ளாட்டில் குழாய் ஒழுகுகிறது, அதைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கிறாய் என்று ஹம்சினியிடம் சொல்லியிருக்கிறாய். நம் பெண் புனே ஹாஸ்டலில் இருந்துகொண்டு, "எந்தக் குழாய்ப்பா?" என்று என்னைக் கேட்கிறாள். பாத்திரம் தேய்க்க வந்த சுப்பம்மாவும் விடவில்லை. "அம்மா ஊருக்குப் போய்க்கீதா சார்?" என்றாள். ஆமாம் என்றேன். "பெசன்ட் நகர் எப்பத்திலேந்து சார் ஊராச்சு?" என்றாள்.

நீ இப்போது நிஜமாக எதை விரும்புகிறாய் என்று அமைதியாக உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிப் பார். இதில் சரியும் இல்லை, தப்பும் இல்லை. எழுதியதை எனக்கு அனுப்பு. சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிக்கலாம். நீ திரும்பி வர வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

இன்று விடிகாலை வழக்கமான வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பதிவு செய்தேன். ஒவ்வொரு விடியலும் ஒரு புது வாய்ப்பு என்று முகம் மலரச் சொல்லி முடித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்புடன்,
பரத்வாஜ்

*

பெசன்ட் நகர்
பிப்ரவரி 8, 2025, சனி

கோச் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. மயிலாப்பூரிலிருந்து பெசன்ட் நகருக்கு வர மூன்று நாள் எடுத்துக்கொண்டிருக்கிறது. வழியில் அடையாறு பாலத்தில் நின்று காற்று வாங்கியிருக்கும்.

எதை விரும்புகிறாய் என்று தாளில் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். தூக்கம் என்று எழுதினேன். அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. சேர்ந்து கண்டுபிடிக்க வேண்டிய வழி எதுவும் அதில் இல்லாததால் நானே போய்ப் படுத்துக்கொண்டேன்.

ஏழு போட்ட வாரத்தில் ஏன் போனாய் என்று கேட்கிறீர்கள். கேட்டதால் சொல்கிறேன். இருபது வருஷமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். பரீட்சையில் வாங்குகிற மார்க் தவிர, டீச்சராகப் பார்த்துப் போடுகிற மார்க் கொஞ்சம் உண்டு. அதில் பத்துக்கு ஒன்பது போட்டால், என் பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒன்பது இல்லை என்று மற்றவர்கள் வந்து நிற்பார்கள். ஐந்து போட்டால் அந்தப் பிள்ளையின் அப்பாவே வருவார். ஏழு போட்டால் யாரும் வர மாட்டார்கள். எந்த ஸ்டாஃப் ரூமில் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சாயந்திரம் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டிய டீச்சர் போடுகிற மார்க் அது.

நீங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பழக்கத்தை ஆரம்பித்த புதிதில் நான் நிஜ மார்க்தான் சொன்னேன். ஒரு தரம் ஐந்து என்றேன். பேனாவோடு எதிரே வந்து உட்கார்ந்துகொண்டு, "அஞ்சை ஆறாக்க ஒரு சின்ன விஷயம், ஒண்ணே ஒண்ணு, என்ன பண்ணலாம்?" என்று ஆரம்பித்தீர்கள். அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. ஹம்சினிக்குக் காலேஜ் கிடைத்த வாரம் மனசு நிறைந்து ஒன்பது என்றேன். அதையும் விடவில்லை. "ஒன்பது எதனால வந்ததுன்னு பிடிச்சுட்டா அதைத் திரும்பத் திரும்ப வரவழைக்கலாமே" என்று என் சந்தோஷத்தை உட்கார வைத்து விசாரித்தீர்கள். எட்டுக்கும் ஆறுக்கும் அப்படித்தான். ஏழு என்றால் மட்டும் "குட்" என்று சொல்லிப் போனை மூடிவிடுவீர்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மிச்சமாகும். அதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து ஏழுதான்.

உங்களை ஏமாற்ற வேண்டும் என்று நினைத்து நான் அதைச் செய்யவில்லை. களைப்பாக இருந்தது, ஓய்வு எடுத்துக்கொண்டேன். அந்த ஓய்வைக் கோடாக வரைந்து, நல்ல குடும்பத்துக்கு இதுதான் அடையாளம் என்று போஸ்டரில் ஒட்டப்போகிறேன் என்றீர்களே, அப்போதுதான் டம்ளரைக் கீழே வைத்தேன். போஸ்டரிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இங்கே ஜன்னலைத் திறந்தால் ஊரூர் குப்பம். முதல் இரண்டு நாள் மீன் வாடை குமட்டியது, இப்போது மூக்கு பழகிவிட்டது. நான் நடக்கப் போகிற வழியில் ஆரோக்கியமேரி என்று ஒரு அம்மா மீன் விற்கிறாள். "இன்னாமா, துண்றதில்லையா நீ? பரவால்ல, சும்மானாச்சும் குந்து" என்று ஸ்டூலைத் தள்ளிவிட்டாள். உட்கார்ந்தேன். அதன் பிறகு என்னை மறந்துவிட்டு வியாபாரத்தைப் பார்த்தாள். நன்றாக இருந்தது.

விசாலாக்ஷி

*

மயிலாப்பூர்
பிப்ரவரி 11, 2025, செவ்வாய்

விசாலி,

இத்தனை நாளாக நீ எனக்குப் பெயர் ஞாபகமில்லாத பிள்ளைக்குப் போடுகிற மார்க்கைப் போட்டுவந்திருக்கிறாய் என்பது இப்போதுதான் தெரிகிறது. தெரிவித்ததற்கு நன்றி.

நான் குடிக்கிறேனா? கை நீட்டியிருக்கிறேனா? வாரத்தில் ஒரு சாயந்திரம் சேர்ந்து உட்கார்ந்து நம் வீட்டைப் பற்றிப் பேசலாம் என்றேன். எத்தனை வீட்டில் புருஷன் அவ்வளவாவது கேட்கிறான்? இன்ஷூரன்ஸ் வேலையை விட்டுவிட்டு இந்தத் தொழிலில் இறங்கலாமா என்று நான் தவித்தபோது, "நீங்க நன்னாப் பேசறேள், தைரியமாப் பண்ணுங்கோ" என்று சொன்னது நீதான். அந்தப் பேச்சுதான் இப்போது உனக்கு ஆகவில்லை.

பேச்சு எனக்கும் அலுத்துத்தான் போயிருக்கிறது. அதை யாரிடம் சொல்வது? இலக்கு, ஊக்கம், முயற்சி என்று ஒரே காபிப் பொடியில் எத்தனையாவது தடவையாகவோ வெந்நீர் ஊற்றி இறக்குகிறேன். கறுப்பாகத்தான் இறங்குகிறது. குடிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை, எனக்குத் தெரிகிறது. இருந்தாலும் சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு தி. நகருக்குப் போய் நிற்கிறேன். முன்பெல்லாம் நாற்காலி போதாது, இப்போது பாதி காலி. தம்பதி வகுப்பு ஒன்றுதான் கொஞ்சம் தூக்கிவிடும் என்று நம்பியிருந்தேன். போஸ்டர் அச்சாகிவிட்டது.

பொதுப்படையாகப் பேசாதே விசாலி. ஒரு வாரம் சொல். ஏழு என்று நீ சொல்லி, அது நிஜமாக ஏழாக இல்லாத ஒரே ஒரு வாரத்தைச் சொல். அதை வைத்துப் பேசலாம்.

பரத்வாஜ்

*

பெசன்ட் நகர்
பிப்ரவரி 15, 2025, சனி

ஒரு வாரம் கேட்டீர்கள். தருகிறேன்.

போன வருஷம் செப்டம்பர், பிள்ளையார் சதுர்த்தி வாரம். ஆசிரியர் தினத்தன்று பிள்ளைகள் ஹாலில் பாட்டும் நாடகமுமாக இருந்தபோது நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, ஆட்டோ பிடித்து அடையாறில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இடது மார்பில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. ஊசி வழியாகச் சதை எடுத்தார்கள். "கூட யாரும் வரலையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். "வெளியில இருக்கார்" என்றேன். வெளியில் யாரும் இல்லை. செவ்வாய்க்கிழமை வந்து ரிசல்ட் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

சனிக்கிழமை சதுர்த்தி. கொழுக்கட்டை பண்ணினேன். இடது கையைச் சரியாகத் தூக்க முடியவில்லை, சொப்பு ஒவ்வொன்றாக விரிந்தது. நீங்கள் சமையலறையில் எட்டிப் பார்த்து, "மனசு எங்கேயோ இருக்கு போலருக்கே" என்று சிரித்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை பால்கனியில் காபி. எவ்வளவு என்று கேட்டீர்கள். ஏழு என்றேன். "குட்" என்றீர்கள்.

உங்களுக்குத் தெரியவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. மறைத்தது நான்தான். சொன்னால் நீங்கள் பதற மாட்டீர்கள், அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "சரி, இதுல நம்ம கையில இருக்கறது எது, இல்லாதது எது?" என்று நிதானமாக ஆரம்பித்திருப்பீர்கள். அம்மா போன பத்தாம் நாள் என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, வாழ்க்கையில் நன்றி சொல்ல வேண்டியவை ஐந்தை எழுதச் சொன்னவர் நீங்கள். நானும் எழுதினேன். ஐந்தாவதற்கு ஒன்றும் கிடைக்காமல் வெந்நீர் என்று எழுதினேன். படித்துவிட்டு, அருமையாக இருக்கிறது என்றீர்கள். செப்டம்பரில் எனக்கு அருமையாக எதுவும் வேண்டியிருக்கவில்லை. என்னோடு சேர்ந்து பயப்பட ஒரு ஆள் வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமை ரிசல்ட் வந்தது. கெட்டது இல்லை என்றார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், பெரிதாகியிருந்தால் எடுத்துவிட்டு முழுதாகச் சோதிப்போம் என்றார் டாக்டர். மார்ச்சில் ஆறு மாதம் ஆகிறது. தினமும் தடவிப் பார்க்கிறேன். பெரிதாகியிருக்கிறதா, அதே அளவுதானா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கேட்டதால் எழுதினேன். பரிகாரம் எதுவும் வேண்டாம். இந்த முறையும் நானே போய்க்கொள்வேன்.

விசாலாக்ஷி

*

மயிலாப்பூர்
பிப்ரவரி 22, 2025, சனி

விசாலி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று படித்தேன். எந்த டாக்டர், ரிப்போர்ட் எங்கே, வேறு ஒருவரிடமும் காட்டலாமா என்று ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல் என்று எழுதினேன். அதுவும் ஒரு கேள்விதான் என்று பட்டது, அதையும் கிழித்தேன். எனக்குக் கேள்வியாக இல்லாமல் ஒரு வாக்கியம் வராது போலிருக்கிறது.

இன்று தி. நகர் வகுப்பு. எப்போதும்போல, "போன வாரம் உங்களுக்குப் பத்துக்கு எவ்வளவு?" என்றுதான் ஆரம்பித்தேன். முன்வரிசையில் ஐ.டி. கம்பெனிப் பெண் ஸ்நேஹா, "செவன் சார்" என்றாள். பக்கத்தில் இருந்தவர் ஏழு என்றார். கனகராஜைச் சொல்லியிருக்கிறேனே, பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் மேற்பார்வை பார்க்கிறவர், முதல் வகுப்பிலிருந்து ஒரு வாரம் தவறாதவர், அவரும் "ஏழு சார்" என்றார். பின்வரிசையில் ஒருவர் எட்டு என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார், "இல்ல, ஏழுன்னே வெச்சுக்குங்க" என்றார். இத்தனை வருஷமும் இதைக் கேட்டு எனக்கு உள்ளூரப் பெருமையாக இருக்கும். என்னிடம் வருகிறவர்கள் எல்லாம் ஓரளவு நன்றாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இன்று ஒவ்வொரு ஏழும் என்னைச் சீக்கிரம் நகரச் சொன்னது.

அடுத்த கேள்வியை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "இன்னா சார், ஒரு மாதிரி கீறீங்க?" என்றார் கனகராஜ். அதன் பிறகு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் விசாலி. நம் வீட்டுக் கோடு ஏன் நேராகப் போகிறது என்பதை, சதுர்த்தியன்று கொழுக்கட்டை விரிந்ததை, ஆஸ்பத்திரியில் நீ தனியாக உட்கார்ந்திருந்ததை, எதுவும் தெரியாமல் நான் குட் என்று சொன்னதை. கனகராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்நேஹா விசும்பியே விட்டாள். என் வகுப்பில் இப்படி ஒரு அமைதி இதுவரை வந்ததில்லை. முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். நம் கஷ்டம் அத்தனை பேருடைய கண்ணைத் திறந்திருக்கிறது. அது வீண் போகவில்லை என்பதை உனக்குச் சொல்ல வேண்டும் என்று ஓடி வந்தேன்.

தம்பதி வகுப்பை நிறுத்திவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன். தேதியை மட்டும் எழுது.

அன்புடன்,
பரத்வாஜ்

*

பெசன்ட் நகர்
பிப்ரவரி 27, 2025, வியாழன்

திங்கட்கிழமை காலையில் கமர் ஜஹான் ஸ்டாஃப் ரூமில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்டகூட சொல்லலையே விசாலாக்ஷி" என்றாள். வேதியியல் எடுக்கிறவள், பதினைந்து வருஷமாக எனக்குப் பக்கத்து நாற்காலி. உங்கள் முன்வரிசை ஸ்நேஹா அவள் மாடியில் குடியிருக்கிற பெண். உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமைதான் என் கைக்கு வந்தது. என் சமாச்சாரத்தை ஊரிலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு நாள் கழித்து உங்களிடமிருந்து படித்தேன்.

மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. பிரின்சிபல் கூப்பிட்டு எனக்கு ஒரு பீரியடைக் குறைத்தார். கேட்காமலே ஹார்லிக்ஸ் வந்தது. பிளஸ் டூ பிள்ளைகள் எழுந்து வணக்கம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். ஆறு மாதமாக எனக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக அதை வைத்திருந்தேன். அந்த வகுப்பறையில் நின்றிருக்கிற நாற்பது நிமிஷம் எனக்கு அந்தக் கட்டி இல்லை. இப்போது அங்கேயும் இருக்கிறது.

நம் கஷ்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டி என் மார்பில் இருக்கிறது. அது எப்போது நம்முடையதாயிற்று? நீங்கள் அதற்காக ஒரு நாள் பயந்தீர்களா? செவ்வாய்க்கிழமை தெரிந்துகொண்டீர்கள். சனிக்கிழமை மைக் முன்னால் போய் நின்றுவிட்டீர்கள். உங்களிடம் எது வந்தாலும் சனிக்கிழமைக்குள் பாடமாகிவிடுகிறது. என் அம்மா சாவு, ஹம்சினியின் காலேஜ், நம் ஞாயிற்றுக்கிழமைக் காபி, இப்போது இது.

அழுதார்கள், கையைப் பிடித்தார்கள் என்கிறீர்கள். பிடித்தது உங்கள் கையை.

தேதி எழுத மாட்டேன். இனிமேல் நீங்களும் எழுத வேண்டாம்.

விசாலாக்ஷி

*

மயிலாப்பூர்
மார்ச் 4, 2025, செவ்வாய்

விசாலி,

எழுத வேண்டாம் என்றாய். இது ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். பதில் வேண்டியதில்லை.

நீ எழுதியது அத்தனையும் சரி. ஸ்நேஹாவுக்குப் போன் செய்து, சொல்லக் கூடாததைச் சொன்னவன் நான்தான், அவள் மேல் தப்பில்லை என்றேன். அதனால் உன் வகுப்பறை உனக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை என்று தெரியும்.

சனிக்கிழமை தி. நகருக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று எல்லோருக்கும் தகவல் அனுப்பினேன். காலை ஸ்டேட்டஸும் போடவில்லை. கனகராஜ் மட்டும் கூப்பிட்டு, "சார், ஸ்டேட்டஸ் வரல, அதைப் போட்டு வுட்டுட்டுதான் பல்லு வௌக்குவேன், பழகிப்போச்சு" என்றார். அதில் நான் என்ன சொல்கிறேன் என்பதை அவர் ஒரு நாளும் கவனித்ததில்லை என்றும் சொன்னார். மனசுக்கு இதமாக இருந்தது.

வீட்டில் மாவு புளித்துவிட்டது. அயர்ன்காரர் உன் காட்டன் புடவைகளைக் கொடுத்துவிட்டுப் போனார். நான் கீழ்த் தட்டில் வைத்தேன். "சார், அம்மா பொடவ மேல் தட்டு" என்று சுப்பம்மா எடுத்து மாற்றி வைத்தாள். இருபத்து மூன்று வருஷமாக அந்த பீரோவைத் திறந்து மூடுகிறேன். மேல் தட்டு என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் காபி போட்டுக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்தேன். கேட்க ஆள் இல்லை, கேட்கவும் தோன்றவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தபோது பயம் வந்தது. அதுவரை வரவில்லை, நீ எழுதியது நிஜம். பேசிக்கொண்டே இருக்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. அதற்காகத்தான் பேசுகிறேன் என்று இப்போது நினைக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்குத் தோசைக்கல்லை அடுப்பில் வைத்தேன். அது பெரிதாகியிருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. அதற்கு மேல் நினைக்க முடியவில்லை. கல் காய்ந்து புகைந்து, வீடெல்லாம் புகையாகி, பக்கத்து வீட்டுக்காரர் மணி அடிக்கிற வரைக்கும் மாவுக் கரண்டியோடு நின்றிருக்கிறேன். இதில் நம் கையில் இருப்பது எது என்று எனக்கு ஒன்றுமே தெரியவில்லை விசாலி.

நானும் ஒன்று சொல்லிவிடுகிறேன். வாரா வாரம் நான் சொன்ன எட்டும் நிஜமில்லை. இந்தத் தொழில் செய்கிறவன் வீட்டுக்கு எட்டாவது இருக்க வேண்டும் என்று சொன்னேன். நான் களைத்துப்போய் ரொம்ப நாளாகிறது. இந்த வாரம் எனக்கு ஒன்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

பரத்வாஜ்

*

பெசன்ட் நகர்
மார்ச் 8, 2025, சனி

பரத்வாஜுக்கு,

எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் எழுதினீர்கள். பிரிக்காமல் வைத்திருந்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிரித்தேன். விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி இரண்டாம் தடவையும் படித்தேன். கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை. வேண்டுமென்று விட்டீர்களா, தானாக வராமல் போயிற்றா என்று எனக்குத் தெரியாது. தானாக என்றே வைத்துக்கொள்கிறேன்.

கோபம் போய்விடவில்லை. ஸ்டாஃப் ரூமில் இன்னும் ஹார்லிக்ஸ் வந்துகொண்டிருக்கிறது. நேற்று ஒரு பையனைத் திட்ட வேண்டியிருந்தது, நான் திட்டும்போது அவன் பரிதாபமாகப் பார்த்தான். அதற்காக உங்களை மன்னிக்க எனக்கு நாளாகும். அவசரப்படுத்த வேண்டாம்.

ஆனால் கல் புகைந்ததைப் படித்தபோது எனக்கு அழுகை வந்தது. கூடவே கோபமும் வந்தது, அது என் அம்மா கொடுத்த கல். இத்தனை மாதமாக அந்தப் பயத்தை நான் ஒருத்தியே தூக்கிக்கொண்டு மயிலாப்பூருக்கும் கோபாலபுரம் பள்ளிக்கூடத்துக்குமாகப் போய் வந்திருக்கிறேன். அடுப்படியில் மாவுக் கரண்டியோடு நீங்களும் நின்றீர்கள் என்று படித்ததும் கொஞ்சம் உட்கார இடம் கிடைத்தது. அதை இல்லை என்று சொன்னால் நான்தான் பொய் சொல்கிறவள்.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஆஸ்பத்திரி. அடையாறு டிப்போ பஸ் ஸ்டாப்பில் ஒன்பதரைக்கு நில்லுங்கள். பேனா எடுத்துவர வேண்டாம். டாக்டரிடம் நான் பேசிக்கொள்வேன். ஆட்டோவில் எதுவும் சொல்ல வேண்டாம், நல்ல வார்த்தை முக்கியமாக வேண்டாம். பயமாக இருந்தால் பயந்துகொள்ளுங்கள், மறைக்க வேண்டாம். என் கைப்பையையும் பழைய ரிப்போர்ட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள், போதும்.

வீட்டுக்கு எப்போது வருவேன் என்று இப்போது சொல்ல முடியாது. புதன்கிழமை முடியட்டும். இந்த வாரம் எனக்கு மூன்று. அதை நான்காக்கப் பார்க்க வேண்டாம்.

சோதனை அறைக்குள் உங்களை விட மாட்டார்கள். கூட யாரும் வரலையா என்று நர்ஸ் இந்த முறையும் கேட்பாள். வெளியில் இருக்கிறார் என்று நானும் சொல்வேன். நீங்கள் வெளியில் இருங்கள்.

விசாலி